லூசியன் லோரான்: உலகக் கோப்பையின் முதல் கோலை அடித்தவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினாடி வினாவில் ஒரே வரியில் முடிந்துவிடும் பெயர் இது. "உலகக் கோப்பைக் கால்பந்தில் முதல் கோல் அடித்தவர் யார்?" என்று கேட்பார்கள், "லூசியன் லோரான், பிரான்ஸ், 1930" என்று பதில் வரும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். எனக்கு இவர் கதை அந்த ஒரு வரியைவிட ரொம்பப் பெரியது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பிரான்ஸில் ஒரு கால்பந்து ஆட்டக்காரன் எப்படி வாழ்ந்தான் என்று தெரிந்துகொள்ள இவரைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து, பதிலும் எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், யார் இந்த லோரான்?

1907 டிசம்பர் 10 அன்று, பாரிஸை ஒட்டிய சேன்-மோர்-தே-ஃபோஸே என்ற ஊரில் பிறந்தவர். 2005 ஏப்ரல் 11 அன்று, பிரான்ஸின் கிழக்கே உள்ள பெசான்சோன் நகரில், 97 வயதில் இறந்தார். பிரான்ஸ் அணிக்காக 10 ஆட்டங்கள் ஆடி 2 கோல் அடித்தார். எண்ணிக்கையில் இது குறைவுதான். ஆனால் அந்த இரண்டில் ஒன்று உலகக் கோப்பையின் முதல் கோல். மற்றொன்று இங்கிலாந்தை 5–2 என்று பிரான்ஸ் தோற்கடித்த ஆட்டத்தில் வந்தது. அடித்த இரண்டும் காலத்துக்கும் நிற்கிற மாதிரி அமைந்தது அவருக்கு வாய்த்த கொடுப்பினை.

பெயரை எப்படி உச்சரிப்பது?

"லூசியேன் லோரான்" என்பது பிரெஞ்சு உச்சரிப்புக்குக் கிட்டத்தில் வரும். கடைசி "ன்" மூக்கோடு நின்றுவிடும், "ட்" ஒலிக்காது. ஆங்கில எழுத்தைப் பார்த்து "லாரன்ட்" என்று எழுதுவதும் உண்டு. இரண்டும் ஒரே ஆள்தான்.

எந்த இடத்தில் ஆடினார்?

முன்வரிசையில், இன்சைட் லெஃப்ட். அந்தக் காலத்தில் அணிகள் பின்னால் 2 பேர், நடுவில் 3 பேர், முன்னால் 5 பேர் என்று நிற்கும். அந்த ஐந்து பேரில் இடது ஓர விங்கருக்கும் நடு ஃபார்வர்டுக்கும் இடையில் நிற்பவர்தான் இன்சைட் லெஃப்ட். பந்தை நடுக்களத்திலிருந்து வாங்கி முன்னால் கொண்டுபோவதும், மறு ஓரத்தில் இருக்கும் தன் அணி விங்கர் கிராஸ் அடிக்கும்போது, அதாவது ஓரத்திலிருந்து கோலை நோக்கிப் பந்தைக் குறுக்கே அனுப்பும்போது, சரியான நேரத்தில் கோலுக்கு முன்னால் போய் நிற்பதும் அவர் வேலை. லோரான் குள்ளமான ஆள், சுறுசுறுப்பானவர். 1930-ல் அவர் அடித்த கோல் அந்த வேலையைப் பாடப் புத்தகம் போலச் செய்து காட்டியது.

ஆரம்பம் எங்கே?

பாரிஸில் இருந்த செர்க்ள் அத்லெதிக் த பாரி என்ற கிளப்பில். 1921-ல், பதின்மூன்று வயதுச் சிறுவனாகச் சேர்ந்து 1930 வரை அங்கேயே வளர்ந்தார். அவருடைய அண்ணன் ழான் லோரானும் நல்ல ஆட்டக்காரர், பிரான்ஸ் அணிக்கும் ஆடியவர். பின்னால் உலகக் கோப்பைக்கு அண்ணன் தம்பி இருவருமே தேர்வானார்கள். அண்ணனுக்கு அங்கே ஒரு ஆட்டத்திலும் களமிறங்க வாய்ப்பு வரவில்லை.

பிரான்ஸ் அணியில் லூசியனின் முதல் ஆட்டம் 1930 பிப்ரவரியில், போர்ச்சுகலுக்கு எதிராக. ஐந்தே மாதத்தில் அவர் உருகுவேயில் இருந்தார்.

கார் கம்பெனித் தொழிலாளி என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதை விளங்கிக்கொள்ள அன்றைய பிரெஞ்சுக் கால்பந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1932 வரை பிரான்ஸில் காசு வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடுவது விதிப்படி கூடாது. எல்லோரும் அமெச்சூர். ஆனால் நல்ல ஆட்டக்காரனை எந்தக் கிளப் சும்மா விடும்? உறையில் பணம் போட்டுக் கொடுப்பார்கள், கடை வைத்துக் கொடுப்பார்கள், வேலை போட்டுக் கொடுப்பார்கள். இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் "பழுப்பு அமெச்சூர்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். பழுப்பைக் குறிக்கும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குத் திருட்டுத்தனமாக நடப்பது என்ற பொருளும் உண்டு.

சுவிஸ் எல்லைக்கு அருகே சோஷோ என்ற ஊரில் பெஜோ கார் தொழிற்சாலை இருக்கிறது. முதலாளி குடும்பத்தைச் சேர்ந்த ழான்-பியேர் பெஜோ 1928-ல் தொழிற்சாலைக்கென ஒரு கால்பந்து கிளப்பைத் தொடங்கினார். 1930-ல் பக்கத்து ஊரான மொன்பெலியார் கிளப்போடு அது இணைந்தது. நாடெங்கும் இருந்து திறமையான ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துத் தொழிற்சாலையில் வேலை கொடுத்து அணியில் சேர்த்தார்கள். லோரான் சகோதரர்கள் இருவரும் அப்படிப் போனவர்கள். உலகக் கோப்பைக்குப் போன 16 பேரில் எத்தியென் மாட்லெர், ஆந்த்ரே மஷினோ ஆகிய சோஷோ ஆட்கள் இவர்களோடு இருந்தார்கள்.

உருகுவே போய்த் திரும்ப இரண்டு மாதம் ஆகும். பெஜோ நிறுவனம் விடுப்புக் கொடுத்தது, சம்பளம் கொடுக்கவில்லை. உலகக் கோப்பையின் முதல் கோலை அடித்தவர் அந்த இரண்டு மாதமும் சம்பளம் இல்லாமல் இருந்த தொழிலாளி என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும், கூடவே ஒரு மரியாதையும் வரும்.

மற்றவர்களுக்கு விடுப்புக் கிடைத்ததா?

எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த காஸ்தோன் பாரோவுக்கே கிடைக்கவில்லை! அவர் பாரிஸ் இசைக் கல்லூரியில் வேலை பார்த்தவர். அவர் ஊரிலேயே தங்கிவிட, ராவுல் கோத்ரோன் அணியை அழைத்துப்போனார். வேலையிடத்தில் அனுமதி கிடைக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்ட ஆட்டக்காரர்களும் உண்டு. கோல்கீப்பர் அலெக்ஸ் தெபோ சுங்கத்துறை ஊழியர். இப்படி ஒவ்வொருவரும் ஒரு மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினார்கள்.

கப்பல் பயணம் எப்படி இருந்தது?

கப்பலின் பெயர் கோன்தே வெர்தே, இத்தாலியக் கப்பல். இத்தாலியின் ஜெனோவாவில் ருமேனிய அணியை ஏற்றிக்கொண்டு வந்தது. 1930 ஜூன் 21 அன்று, நீஸ் நகரத்தை ஒட்டிய வில்ஃபிரான்ஷ் துறைமுகத்தில் பிரெஞ்சு அணி ஏறியது. கூடவே உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தலைவர் ஜூல் ரிமேவும் ஏறினார். அவருடைய பெட்டிக்குள்தான் கோப்பை இருந்தது. பார்சிலோனாவில் பெல்ஜிய அணி, அட்லாண்டிக்கைக் கடந்த பிறகு ரியோவில் பிரேசில் அணி. ஒரே கப்பலில் நான்கு தேசிய அணிகள், தலைவர், கோப்பை, எல்லாம்.

இரண்டு வாரக் கடல் பயணம். பயிற்சி என்றால் கப்பல் தளத்தில் ஓடுவதும் உடற்பயிற்சியும்தான். கடலில் பந்தை உதைத்தால் போனது போனதுதானே. உத்தி, வியூகம் என்று யாரும் பேசவே இல்லை, ஒரு விடுமுறை முகாம் போல இருந்தது என்று லோரான் முதுமையில் நினைவுகூர்ந்தார். பாரிஸையும் சோஷோவையும் தாண்டி அதிகம் பார்த்திராத இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அப்புறம் இன்னொன்று. ஐரோப்பாவிலிருந்து நான்கே அணிகள்தான் போயின: பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா. செலவை உருகுவே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியும் மற்றவர்கள் வரவில்லை. காரணம் இந்த இரண்டு மாதம்தான். எந்த வேலையிடமும் அவ்வளவு நாள் ஆளை விடாது.

அந்தக் கோலைப் பற்றிச் சொல்லுங்கள்.

1930 ஜூலை 13, ஞாயிறு. மொன்தெவிதேயோ நகரின் போசிட்டோஸ் மைதானம். பிரான்ஸும் மெக்சிகோவும் மோதின. உலகக் கோப்பைக்கென்று கட்டிய பெரிய சென்தெனாரியோ மைதானம் மழையால் தாமதமாகி இன்னும் முடியவில்லை. அதனால் பென்யரோல் கிளப்பின் இந்தச் சின்ன மைதானத்தில் ஆட்டம் வைத்தார்கள். ஃபிஃபா கணக்குப்படி பார்வையாளர்கள் 4,444 பேர்.

ஜூலை என்றால் நமக்கு வெயில் நினைவுக்கு வரும். பூமியின் தென்பாதியில் அது நடுக்குளிர்காலம். அன்று பனி தூவியது என்று லோரான் சொல்லியிருக்கிறார்.

19-வது நிமிடம். பந்து வலது ஓரத்தில் எர்னெஸ்ட் லிபெராத்தியிடம் வருகிறது. அவர் தன்னை மறித்த காவல் ஆட்டக்காரரைத் தாண்டிப் போய்க் கோல் முகத்துக்குக் குறுக்கே கிராஸ் அடிக்கிறார். லோரான் ஓடி வருகிறார். பந்தைத் தரையில் விழவிடவில்லை, நிறுத்தவும் இல்லை. சுமார் 12 மீட்டர் தூரத்திலிருந்து, காற்றில் வந்த பந்தை அப்படியே வாலியாக உதைக்கிறார். மெக்சிகோ கோல்கீப்பர் ஓஸ்கார் பொன்ஃபிக்லியோவைத் தாண்டிக் கம்பத்தை ஒட்டி உள்ளே போகிறது.

அவ்வளவுதான். இதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். யாரும் மண்டியிடவில்லை, ஒருவர் மேல் ஒருவர் விழவில்லை. சக ஆட்டக்காரர்கள் கை குலுக்கினார்கள், ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஒரு வரலாறு நடக்கிறது என்று களத்தில் இருந்த எவருக்கும் தோன்றவில்லை. தனிப் பரிசுப் பணமும் கிடையாது.

அது நிச்சயமாக முதல் கோல்தானா? அதே நேரத்தில் இன்னொரு ஆட்டம் நடந்ததே?

நல்ல கேள்வி. அன்று ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. ஊரின் மறுபக்கம் பார்க்கே சென்ட்ரல் மைதானத்தில் அமெரிக்காவும் பெல்ஜியமும் ஆடின. அங்கே முதல் கோலை அமெரிக்காவின் பார்ட் மெகீ அடித்தது 23-வது நிமிடத்தில். லோரான் அடித்தது 19-வது நிமிடத்தில். நாலு நிமிட இடைவெளி. அந்த வாலி கொஞ்சம் வெளியே போயிருந்தால் இந்தப் பக்கத்தை நான் வேறொருவரைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

வீடியோ இருக்கிறதா?

அந்தக் கோலின் படச்சுருள் இல்லை. லோரான் பலமுறை சொன்ன விவரிப்பும் அன்றைய பத்திரிகைச் செய்திகளும்தான் நமக்குக் கிடைத்தவை. இணையத்தில் "முதல் கோல்" என்று ஓடும் காட்சிகளை நம்பிப் பகிர வேண்டாம்.

அந்த ஆட்டத்தில் கோல்கீப்பர் இல்லாமல் ஆடினார்கள் என்பது உண்மையா?

கிட்டத்தட்ட உண்மை. கோல் விழுந்த சில நிமிடங்களிலேயே, தெபோ பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது எதிரணி ஆட்டக்காரரின் கால் முகத்தில் பட்டு மயங்கினார். வெளியே தூக்கிப்போனார்கள். மாற்று ஆள் இறக்கும் விதி அன்று இல்லை. நடுக்களத்தில் ஆடிய ஓகுஸ்தேன் ஷாந்த்ரெல் கோலுக்குள் போய் நின்றார். மீதி ஆட்டம் முழுக்கப் பிரான்ஸுக்குப் பத்துப் பேர்தான்.

அந்தப் பத்துப் பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? இடைவேளைக்குள் மார்செல் லாங்ஜிலேர் ஒன்று, மஷினோ ஒன்று என்று 3–0 ஆக்கினார்கள். இரண்டாம் பாதியில் கார்ரெனோ மெக்சிகோவுக்கு ஒன்று அடித்தார். முடியும் தறுவாயில் மஷினோ மறுபடியும் அடித்தார். 4–1. என் கணக்கில் அன்றைய நாயகர் ஷாந்த்ரெல்தான். அவர் பெயர் எந்த வினாடி வினாவிலும் வராது.

பிறகு பிரான்ஸ் என்ன ஆனது?

ஓய்வு ஒரே நாள்தான். ஜூலை 15 அன்று அர்ஜென்டினா. அந்த அணியின் லூயிஸ் மொன்ட்டி, முரட்டு ஆட்டத்துக்குப் பேர் போனவர். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே லோரானுக்குப் பலமான அடி. மாற்று ஆள் கிடையாது என்று சொன்னேனே, அதனால் நொண்டிக்கொண்டே களத்தில் நின்றார். அப்படியும் பிரான்ஸ் 80 நிமிடம் தாக்குப்பிடித்தது. 81-வது நிமிடத்தில் மொன்ட்டியே ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார்.

அதற்குப் பிறகுதான் பெரிய குழப்பம். லாங்ஜிலேர் பந்தோடு கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது, இன்னும் ஆறு நிமிடம் மீதி இருக்கும்போதே, பிரேசில் நாட்டு நடுவர் ஆட்டம் முடிந்ததாக விசில் அடித்துவிட்டார். கூட்டம் களத்துக்குள் வந்துவிட்டது. பிரெஞ்சு ஆட்டக்காரர்கள் சூழ்ந்து முறையிட, நடுவர் தவறை ஒப்புக்கொண்டு எல்லோரையும் திரும்ப அழைத்து மீதி நிமிடங்களை ஆடச் சொன்னார். ஆனால் ஓட்டத்தில் இருந்த ஒரு வாய்ப்பை எப்படித் திரும்பக் கொடுப்பது? 1–0 என்று தோல்வி.

காயத்தால் லோரான் சிலியுடனான மூன்றாம் ஆட்டத்தில் இறங்கவில்லை. அதிலும் 1–0 என்று தோற்று பிரான்ஸ் வெளியேறியது. ஆக, லோரானின் உலகக் கோப்பை வாழ்க்கை மொத்தமே இரண்டு ஆட்டங்கள், அதில் ஒன்று நொண்டிக்கொண்டே.

இங்கிலாந்தை வென்ற ஆட்டம் அவ்வளவு முக்கியமா?

அன்றைய பிரெஞ்சு ரசிகரைக் கேட்டிருந்தால், உலகக் கோப்பைக் கோலைவிட இதுதான் முக்கியம் என்று சொல்லியிருப்பார். நானும் அந்தக் கட்சிதான்.

1931 மே 14, பாரிஸ் அருகே கொலோம்ப் மைதானம். இங்கிலாந்து என்றால் கால்பந்தைக் கண்டுபிடித்த நாடு. உலகக் கோப்பைக்கு வரவே அவர்கள் அக்கறை காட்டவில்லை. 1920-களில் இங்கிலாந்தின் முழு அணியோடு மோதிய ஒவ்வொரு முறையும் பிரான்ஸ் மண்ணைக் கவ்வியிருந்தது. 1921-ல் ஒரு வெற்றி உண்டு, ஆனால் அது இங்கிலாந்தின் அமெச்சூர் அணிக்கு எதிராக. 1931-ல்தான் முழுத் தொழில்முறை அணியை முதன்முதலாக வென்றார்கள், அதுவும் 5–2 என்று. சம்பளத்துக்கு ஆடுகிறவர்களை, வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடுகிறவர்கள் வென்றார்கள். ஐந்து கோலில் ஒன்று லோரானுடையது. பிரான்ஸுக்காக அவர் அடித்த இரண்டாவதும் கடைசியுமான கோல் அது.

ஏன் இத்தனை கிளப் மாறினார்?

பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும். 1930 முதல் 1932 வரை சோஷோ. 1932-33-ல் பாரிஸின் கிளப் ஃபிரான்ஸே. 1933-34-ல் பழைய வீடான செர்க்ள் அத்லெதிக். 1934-35-ல் முலூஸ். 1935-36-ல் மறுபடி சோஷோ. 1936-37-ல் ரென். 1937 முதல் போர் வரை ஸ்ட்ராஸ்பூர்க். கடைசியாகப் பெசான்சோன்.

காரணம், 1932-ல் பிரான்ஸில் தொழில்முறை லீக் தொடங்கியது. முதல் ஆண்டு 20 கிளப்கள், சம தரத்தில் இரண்டு குழு. ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2,000 ஃபிராங்க். இந்த லீக் வருவதற்கு உந்துதல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அதே ழான்-பியேர் பெஜோதான். 1930-லேயே தன் பணத்தில் "சோஷோ கோப்பை" என்று ஒரு போட்டி நடத்தி, நாடு தழுவிய போட்டிக்கு ரசிகர்கள் வருவார்கள் என்று காட்டினார். முதல் ஆண்டு அந்தக் கோப்பையை வென்றதும் சோஷோதான், லோரான் அங்கே இருந்த காலம் அது.

லீக் தொடங்கியதும் எல்லாம் ஆட்டம் கண்டது. ஒப்பந்தங்கள் குறுகியவை, கிளப்கள் ஏறின, இறங்கின, சில காணாமலே போயின. லோரானுக்கு இதில் நேரம் சரியாக அமையவில்லை. கிளப் ஃபிரான்ஸே முதல் ஆண்டிலேயே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு அவர் போன செர்க்ள் அத்லெதிக்கும் இறங்கியது. அவர் முலூஸில் இருந்தபோது, 1935-ல் சோஷோ லீக் பட்டம் வென்றது. அதன் பிறகுதான் சோஷோவுக்குத் திரும்பினார். 1936-ல் அங்கிருந்து கிளம்பினார், 1937-ல் சோஷோ பிரெஞ்சுக் கோப்பையை வென்றது! 1938-ல் மறுபடி லீக் பட்டம். சோஷோவின் இரண்டு பெரிய வெற்றிகளுக்கு நடுவில் சரியாக ஒரு வருடம்தான் அவர் அங்கே இருந்தார். இதைப் படிக்கும்போது எனக்கே "அடடா, இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கக் கூடாதா" என்று வாய்விட்டுச் சொல்லத் தோன்றியது.

பிரான்ஸுக்கு 10 ஆட்டங்களோடு ஏன் நின்றது?

1930 முதல் 1935 வரைதான் அவர் சர்வதேச வாழ்க்கை. அன்று நாட்டுக்கான ஆட்டங்களே வருடத்துக்குச் சிலதான். முன்வரிசையில் போட்டியும் கடுமை. காயங்களும் தொந்தரவு கொடுத்தன. 1934 உலகக் கோப்பையில் அவர் ஆடவில்லை. பிரான்ஸிலேயே நடந்த 1938 உலகக் கோப்பையின்போது அவருக்கு வயது 30. அதிலும் இல்லை.

போர்க் காலத்தில் என்ன ஆனார்?

1939-ல் போர் வந்தபோது ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்தார். ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் மக்களை மொத்தமாகக் காலி செய்து தென்மேற்குக்கு அனுப்பினார்கள். லோரான் ராணுவத்தில் சேர்ந்து, ஜெர்மானியர்களிடம் பிடிபட்டு, மூன்று ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்தார். 1943-ல் திரும்பி வந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று ஸ்ட்ராஸ்பூர்கில் விட்டுவிட்டுப் போன சாமான்கள் எதுவும் மிஞ்சவில்லை. 1930-ல் அவர் போட்டிருந்த பிரான்ஸ் சட்டையும் அந்தச் சாமான்களோடு போய்விட்டது.

இன்று அந்தச் சட்டை இருந்தால் ஏலத்தில் எவ்வளவு போகும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் ஆர்வம் இல்லை. மூன்று வருடம் முகாமில் இருந்துவிட்டு வந்து, இருந்த வீடும் ஊரும் இல்லாமல் நின்ற ஒரு மனிதரைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. அப்போது அவருக்கு வயது 35.

அவரோடு 1930-ல் ஆடியவர்கள் என்ன ஆனார்கள்?

இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அணியின் கேப்டன் அலெக்ஸாந்த்ர் வில்லாப்லான், அல்ஜீரியாவில் பிறந்தவர், திறமையான நடுக்கள ஆட்டக்காரர். பின்னாளில் சூதாட்டம், குதிரைப் பந்தய மோசடி என்று சிறைக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரான்ஸை ஆக்கிரமித்திருந்த காலத்தில் பாரிஸின் குண்டர் கும்பலோடு சேர்ந்து நாஜிகளுக்குக் கையாளானார். ஜெர்மன் சீருடை போட்டுக்கொண்டு சொந்த நாட்டு மக்களையே கொன்றார். 1944 டிசம்பர் கடைசியில், மரண தண்டனை விதிக்கப்பட்டு, மோன்ரூஜ் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே அணியில் பின்காவலில் நின்றவர் மாட்லெர், சோஷோவில் லோரானின் தோழர். 1930, 1934, 1938 என்று மூன்று உலகக் கோப்பையிலும் ஆடியவர். ஆக்கிரமிப்பின்போது நாஜிகளுக்கு எதிரான ரகசிய எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ பிடித்துச் சித்திரவதை செய்தது. தப்பி சுவிட்சர்லாந்துக்குப் போய், பின் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து போரிட்டார்.

ஜூலை 13 அன்று பதினொரு பேரும் ஒரே சட்டைதான் போட்டிருந்தார்கள். லோரான் கோல் அடித்ததும் கை கொடுத்தவர்களில் வில்லாப்லானும் இருந்திருப்பார், மாட்லெரும் இருந்திருப்பார். அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

போருக்குப் பிறகு?

பெசான்சோனில் தங்கிவிட்டார். அங்குள்ள கிளப்பில் 1946 வரை ஆடினார், பயிற்சியும் கொடுத்தார். பின் ஊரிலேயே ஒரு மதுக்கூடம் நடத்தினார். பக்கத்து மேசையில் பந்து பற்றிச் சூடாக வாதாடிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு, கோப்பையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் ஆள் யார் என்று தெரிந்திருக்கும்?

அப்படியானால் எப்போது புகழ் வந்தது?

பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான். 1930-ல் உலகக் கோப்பை என்பது தொலைதூரத்தில் நடந்த ஒரு போட்டி. பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அதற்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. தொலைக்காட்சி வந்து, உலகமே நின்று பார்க்கும் திருவிழாவாக அது வளர்ந்த பிறகு, "முதல் கோல் யாருடையது?" என்று தேட ஆரம்பித்தார்கள். தேடிப் போனபோது அவர் பெசான்சோனில் நலமாக இருந்தார். வந்தவர்களிடம் அலுக்காமல் அதே கதையைச் சொன்னார்: லிபெராத்தியின் கிராஸ், வாலி, கை குலுக்கல்.

1998 வெற்றியைப் பார்த்தாரா?

பார்த்தார். 1998-ல் பிரான்ஸ் சொந்த மண்ணில் முதன்முதலாக உலகக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 90. 1930-ல் அவரோடு கப்பலேறிய பிரெஞ்சு அணியில் அதைப் பார்க்க உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். கை குலுக்கலில் தொடங்கி, பாரிஸின் ஷாம்ப்ஸ்-எலிஸே தெருவில் லட்சக்கணக்கானவர்கள் விடிய விடிய ஆடிப்பாடியது வரை, முழுதையும் ஒரே ஆயுளில் கண்டவர்.

1930 போட்டியில் ஆடியவர்களில் கடைசியாக இறந்தவர் இவர்தானா?

இல்லை. அர்ஜென்டினாவின் பிரான்சிஸ்கோ வராயோ 2010 வரை, 100 வயது வாழ்ந்தார்.

போசிட்டோஸ் மைதானத்தை இப்போது பார்க்க முடியுமா?

மைதானம் இல்லை. சில ஆண்டுகளிலேயே இடித்து, வீடுகளும் தெருக்களுமாக ஆக்கிவிட்டார்கள். எங்கே கோல் கம்பம் இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது. பின்னாளில் பழைய வரைபடங்களையும் படங்களையும் ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடித்து, 2006-ல் நினைவுச் சிற்பங்கள் வைத்தார்கள். ஒன்று மையப்புள்ளி இருந்த இடத்தில். மற்றொன்று கோல் விழுந்த மூலையில். அதன் பெயர் "சிலந்திகள் தூங்கும் இடம்". கோல் கம்பத்தின் மேல் மூலையை அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மொன்தெவிதேயோ போனால் சாதாரணக் குடியிருப்புத் தெருவில், நடைபாதை ஓரத்தில் அதைப் பார்க்கலாம்.